கெடா தோட்டங்களில் சாணைச் சக்கரமும் அதைச் சீவும் கருவிகளும்

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் மலாயாவின் கெடா மாநிலம் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் மேலாண்மைக்கு மாறியதும், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் முதலிய தென்கெடா வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் விரைந்து பரவின. 1915இல் அலோர் ஸ்டார் வரை வந்த இரயில் பாதை அவற்றைப் பினாங்குத் துறைமுகத்தோடு நெருக்கியது. கங்காணிகள் வழியாக அத்தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பைப் பற்றி எழுதியவர்கள் கூலி, லயம், வேலைநிறுத்தம் ஆகியவற்றைப் பெரும்பாலும் விரிவாகப் பேசினர். அத்தொழிலாளர்கள் கையிலிருந்த இரும்பு எவ்வாறு கூராக வைக்கப்பட்டது என்பது அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

அந்தக் கூர்மை முக்கியமானதற்குக் காரணம் பால்வெட்டும் முறையிலேயே இருந்தது. 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ரிட்லி, மரத்தைப் புதிது புதிதாகக் கொத்தாமல், பழைய வெட்டின் ஓரத்திலிருந்தே மெல்லிய பட்டைச் சீவலை எடுத்து அதை மீண்டும் திறக்கும் முறையை வகுத்தார். பால் குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் செறிந்திருப்பதால் கத்தி அவற்றை எட்டும் அளவுக்கு ஆழ இறங்க வேண்டும். அதற்கும் உள்ளே இருக்கும் வளர்படலத்தை, அதாவது புதுப் பட்டையை உருவாக்கும் மெல்லிய அடுக்கை, தொட்டுவிடவும் கூடாது. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாமல் கிழிக்கும். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பின்னாளில் அங்கே பால் வெட்ட முடியாமல் போகும். மேற்பார்வையாளரான மண்டோரின் கண்டனம் தொழிலாளியின் மேல் விழுந்தாலும், குற்றம் பல வேளைகளில் விளிம்பினுடையதாகவே இருந்திருக்கும்.

அன்றாடக் கூர்மைக்குக் கைத்தீட்டுக்கல் போதும். விளிம்பு உடைந்தாலோ தேய்ந்து வடிவம் கெட்டாலோதான் பட்டறைச் சாணைச் சக்கரம் தேவைப்படும். தமிழகத்தில் மணி தீட்டுவோர் குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் பிணைத்துச் சாணை செய்த மரபு பழையது. சேலம் வட்டாரம் அக்கல்லுக்குப் பெயர் பெற்றது. மேலை நாட்டில் 1891இல் அமெரிக்கரான ஏச்சிசன் சிலிக்கன் கார்பைடை, வணிகப் பெயரில் கார்பரண்டத்தை, உருவாக்கினார். அதன் துகள்களும், அதையொட்டி வந்த செயற்கை அலுமினிய ஆக்சைடுத் துகள்களும் களிமண் கலவையில் பிணைத்துச் சூளையில் சுடப்பட்டுச் சக்கரங்களாயின. பர்மாவில் 1900இல் வட்டித்தொழில் தொடங்கி மலாயா வரை அதைப் பரப்பிய முருகப்பா குடும்பத்தார், 1954இல் சென்னையில் கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தை அமைத்துச் சாணைச் சக்கர உற்பத்தியில் இறங்கியது தமிழர் தொழில் வரலாற்றில் தனியே எழுதத்தக்க செய்தி.

சக்கரம் வாங்கினால் மட்டும் கூர்மை வந்துவிடாது. சுழலச் சுழலத் துகள்களின் முனைகள் மழுங்கி முகம் பளபளக்கும். அல்லது துகள்களுக்கு இடைப்பட்ட துளைகளில் உலோகப் பொடி அடைந்துகொள்ளும். இரண்டு நிலைகளிலும் சக்கரம் வெட்டுவதை விட்டுத் தேய்க்கத் தொடங்குவதால் சூடு ஏறி, கத்தியின் விளிம்பு நீலம் பாரித்து, எஃகு தன் பதத்தை இழக்கிறது. எனவே மழுங்கிய மேல்படலத்தை நீக்கிப் புதுத் துகள்களை வெளிக்கொணர்வது இன்றியமையாதது. ஆட்டம் போடும் சக்கரத்தை வட்டமாக்குவது இதனோடு சேர்ந்து நடந்தாலும் தனி வேலை. பற்கள் கொண்ட எஃகுச் சக்கரங்களைக் கைப்பிடியில் கோத்த நட்சத்திரக் கருவி சாணை முகத்தை நொறுக்கி விரைவாகத் திறக்கும். கடப்பாரை, மண்வெட்டி போன்ற முரட்டு வேலைகளுக்குரிய சொரசொரப்பை அது தரும். கார்பரண்டக் கட்டி சிறு சீர்படுத்தலுக்கு ஏற்றது. பால்வெட்டும் கத்தி போன்ற மெல்லிய விளிம்புக்கு ஒற்றை வைரமுனையே தகும்: சக்கரம் சுழலும் திசை நோக்கிப் பத்துப் பதினைந்து பாகை சாய்த்து, அச்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மயிரிழை அளவே உண்ணும்படி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நிறுத்தாமல் நகர்த்தி, முனை ஒரு பக்கமாகத் தேயாதிருக்க அவ்வப்போது திருப்பிக்கொள்ள வேண்டும். வைரத்தை அழுத்துவது அதை உடைப்பதற்குச் சமம். சீவச் சீவச் சக்கரம் சிறுத்துவிடுவதால், தாங்குபலகையை மூன்று மில்லிமீட்டர் இடைவெளிக்குள் மீண்டும் நெருக்காவிட்டால், இரும்பு இடையில் சிக்கிச் சக்கரமே வெடிக்கக்கூடும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்தவர்கள் தம் கண்ணையும் நுரையீரலையும் பணயம் வைத்தார்கள்.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிய பின், பால்வெட்டும் கத்தியின் இடத்தில் குலை வெட்டும் உளியும் நீண்ட கழியில் கட்டிய அரிவாளும் வந்தன. அவற்றுக்கும் கூர் வேண்டும். ரப்பர் தோட்டங்கள் பரவிய அதே கூலிமில் 1996இல் திறக்கப்பட்ட உயர்தொழில்நுட்பப் பூங்காவில், 2024 ஆகஸ்டில் இன்பினியான் நிறுவனம் தொடங்கிய ஆலை, சாணைச் சக்கரத்தில் இருந்த அதே சிலிக்கன் கார்பைடைக் கொண்டு மின்னாற்றல் சில்லுகளைச் செய்கிறது. தோட்டப் பட்டறைகளில் வேலை பார்த்த முதியவர்கள் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் இன்னும் வாழும்போதே, அவர்கள் பயன்படுத்திய கருவிகளையும் கைப்பழக்கத்தையும் ஆய்வாளர்களும் உள்ளூர்த் தமிழ்ச் சங்கங்களும் பதிவு செய்துவிட வேண்டும்.