தாமதமாக வந்த நீலம்

வண்டியூர் தெப்பக்குளத்தை விடிகாலையில் மூன்று சுற்று வந்துகொண்டிருந்தவர் என் பெரியப்பா. இதயம் தளர்ந்துவிட்டது. இப்போது ஒரு கரை முடிவதற்குள் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிடுகிறார். "மூச்சுகூடப் பரவால்லடா, காலுதான் வர மாட்டேங்குது" என்பார். மாத்திரையில் வீக்கம் வடிந்தது, எக்கோவில் பம்பிங்கும் முன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. கால் மட்டும் பழைய காலாகவில்லை. நோய் பாதி, நோக்காடு பாதி என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

அந்தக் காலுக்குள் என்ன தீர்ந்துபோகிறது என்பதற்கு 1927இல்தான் ஒரு பெயர் கிடைத்தது: பாஸ்போகிரியேட்டின். அந்தப் பெயர் பிறந்ததற்குக் காரணம், சோதனைக் குழாயில் நேரத்துக்கு வராத ஒரு நிறம்.

அந்த நிறத்தைக் கவனித்த இருவரில் ஒருவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் தவறித் தவறி, கடைசியில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்து அறுவைக்கூடத்துக்குப் போனது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கைக்கு வராமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். 1923இல் பாஸ்டன் போய், வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே, ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் சேர்ந்தார்.

இருவரும் 1925இல் பாஸ்பரஸை அளக்க ஒரு வழி சொன்னார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தில் மாலிப்டேட்டையும் இன்னொரு ரசாயனத்தையும் விட்டால் நீலம் பிறக்கும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். அதே சோதனையைப் பூனையின் தசைச்சாற்றில் செய்தபோதுதான் சிக்கல். சட்டென்று தோன்ற வேண்டிய நீலம் அசைந்து அசைந்து வந்தது. வேறு யாராவது என்றால் மருந்து கெட்டுவிட்டது என்று குழாயைக் கவிழ்த்திருப்பார்கள். இவர்கள் காத்திருந்து பார்த்தார்கள். எதையோ பற்றிக்கொண்டிருந்த பாஸ்பேட் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது; அதுதான் தாமதம். அது பற்றிக்கொண்டிருந்தது கிரியேட்டினை; இரண்டும் சேர்ந்ததே பாஸ்போகிரியேட்டின். தசையைத் தூண்டினால் இந்தச் சேர்மம் குறைந்தது, ஓய்வு கொடுத்தால் திரும்பச் சேர்ந்தது. அதே சமயம் லண்டனில் எக்கிள்டன் தம்பதி தவளைத் தசையில் இதையே கண்டு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

தசைக்கு ஆற்றல் தருவது லாக்டிக் அமிலம் உருவாகும் வினைதான் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. தசை ஆராய்ச்சிக்கு 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசே போயிருந்தது. 1929இல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஏடிபியைப் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டில். மறு ஆண்டே டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குவதைக் காட்டிவிட்டார்.

தசை நேரடியாகச் செலவழிப்பது ஏடிபியைத்தான். அது கையிலிருக்கும் சில்லறை; ஓரிரு விநாடிக்குத்தான் வரும். பாஸ்போகிரியேட்டின் இடுப்புச் சுருக்குப்பை. பையை நிரப்பச் சம்பாதிப்பது மைட்டோகாண்ட்ரியா, அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும்.

அப்படியானால் ரத்தம் போதாததால்தானே பெரியப்பாவின் பை காலியாகிறது? 1980கள் வரை பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு தசையை வெட்டாமலே, காந்த அதிர்வு மூலம் பாஸ்பரஸை வெளியிலிருந்து அளக்க முடிந்தது. இதயம் தளர்ந்தவர்களின் முன்கைக்கு வேலை கொடுத்தபோது பாஸ்போகிரியேட்டின் மற்றவர்களைவிட விரைவாக இறங்கியது. பட்டை கட்டி இரு தரப்புக்கும் ரத்தத்தை நிறுத்திப் பார்த்தபோதும் வித்தியாசம் போகவில்லை. கோளாறு தசையிலும் இருந்தது: மைட்டோகாண்ட்ரியா குறைந்து, நெடுநேரம் உழைக்கும் நார்களும் அருகிப்போயிருந்தன. எக்கோவில் பம்பிங் ஏறியும் கால் வராததற்கு இது ஒரு காரணம். அவர் உட்காருவதைச் சோம்பல் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

அசையாமல் படு என்ற பழைய அறிவுரையும் இதில் ஆட்டம் கண்டது. 2009இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நிலை சீராக இருந்த 2,331 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு அளவிட்ட உடற்பயிற்சி கொடுத்தார்கள். ஆபத்து கூடவில்லை, நடக்கும் திறன் ஓரளவு கூடியது.

சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லி நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழுவிலிருந்து வந்ததுதான் நம்மூரில் யானைக்காலுக்குக் கொடுக்கும் டிஇசி மாத்திரை. காலுக்கும் அவருக்கும் ஏதோ கணக்கு இருந்திருக்கிறது. 1948இல் நியூயார்க்கில் காலமானார்.

டாக்டர் பார்த்துச் சொன்ன அளவில் பெரியப்பா மறுபடி நடக்கிறார். உட்காரும்போது நான் அவசரப்படுத்துவதில்லை. அவருடைய பை மற்றவர்களுடையதைவிட மெதுவாகத்தான் நிரம்பும். நேற்று மைய மண்டபத்தைப் பார்த்தபடி அவராகவே எழுந்து, இரண்டாம் கரைப் பக்கம் திரும்பினார்.