மரத்திற்கு ஒரு துதி: அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டமும் மலையாள இயற்கைக் கவிதையும்

ஆய்வுச் சுருக்கம்

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்திற்கு எதிராக 1970களின் பிற்பகுதியில் எழுந்த இயக்கத்தில் மலையாளக் கவிஞர்கள் வகித்த பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது. வளரும் நாட்டில் இயற்கைக் கவிதை அறிவியல் வாதத்திற்கு மாற்றாக அன்றி, அதற்குத் துணையாக நின்றபோதே பயன் விளைத்தது என்பது இதன் கருத்து. அக்கவிதையின் எல்லையைத் தமிழ்த் திணைக்கோட்பாட்டின் துணைகொண்டு இறுதியில் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: இயற்கைக் கவிதை, அமைதிப் பள்ளத்தாக்கு, சுகதகுமாரி, சூழலியல் வரலாறு, திணை

முன்னுரை

வறுமையும் வேலையின்மையும் நிலவும் நாட்டில் காட்டைப் பாடுவது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்னும் கருத்து நெடுங்காலமாக உண்டு. மின்சாரம் வேண்டும் மக்களுக்கு மரத்தைக் காட்டி என்ன பயன் என்பது அக்கருத்தின் சாரம். இக்கேள்வியைக் கேரளக் கவிஞர்கள் நேருக்குநேர் எதிர்கொள்ள நேர்ந்த களமே அமைதிப் பள்ளத்தாக்கு.

பள்ளத்தாக்கும் திட்டமும்

பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைத்தொகுதியின் தென்மேற்கு மூலையில் அமைந்த இம்மழைக்காட்டின் ஊடாகக் குந்திப்புழை ஓடுகிறது. அது தூதப்புழையில் கலந்து, பின்னர்ப் பாரதப்புழையைச் சேர்கிறது. இவ்வாற்றின் குறுக்கே சைரந்திரி என்னுமிடத்தில் அணை கட்டி மின்னாற்றல் பெறும் திட்டத்தைக் கேரள மாநில மின்வாரியம் வகுத்தது. 1973இல் திட்டக்குழு அதற்கு ஒப்புதல் அளித்தது. தொடக்கத்தில் 120 மெகாவாட் மின்னாற்றலும், ஏறத்தாழ 10,000 எக்டேர் நிலத்திற்குப் பாசனமும் கிடைக்கும் எனக் கூறப்பட்டது. தொழில்வளத்தில் பின்தங்கியிருந்த மலபாருக்கு இவை சிறு ஆதாயங்கள் அல்ல. திட்டத்தை ஆதரித்தோரின் நியாயத்தை ஒதுக்கிவிட்டு இவ்வரலாற்றை எழுத இயலாது.

மறுபுறம், ஏறத்தாழ 830 எக்டேர் காடு நீரில் மூழ்கும் நிலை இருந்தது. வெடிப்பலா மரத்தைப் பெரிதும் சார்ந்து வாழும் சோலைமந்திக்கு அஃது எஞ்சிய சில வாழிடங்களுள் ஒன்று. 1976இல் சஃபர் பதேஅலி தலைமையிலான நடுவண் பணிக்குழு திட்டத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. ஆயினும் இயலாதவிடத்துக் காப்பு நிபந்தனைகளுடன் தொடரலாம் என்றும் கூறியது. அவ்விரண்டாம் வாயில் வழியாகவே அரசு முன்னேறியது.

கவிதையும் கணக்கும்

எதிர்ப்பிற்கு முதலில் அடித்தளமிட்டவர்கள் அறிவியலாளர்கள். 1962இல் தொடங்கப்பெற்ற கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் சார்பில் தாவரவியலாளர் எம். கே. பிரசாத் இச்சிக்கலை மக்கள்முன் வைத்தார். 1979இல் பரிஷத் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கையை உயிரியல், பொறியியல், பொருளியல் ஆகிய துறையினர் இணைந்து உருவாக்கினர். மாநிலத்தின் மின்தேவையில் இத்திட்டத்தின் பங்கு சிறிது, அதை மாற்று வழிகளில் ஈடுசெய்ய இயலும் என்பது அதன் முடிவு.

இக்காலத்தில்தான் சுகதகுமாரி களத்திற்கு வந்தார். விடுதலைப் போராட்டக் கவிஞர் போதேசுவரனின் மகளான இவர், ‘ராத்ரிமழ’ என்னும் தொகுப்பிற்காக 1978இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். என். வி. கிருஷ்ணவாரியர், ஓ. என். வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர் முதலியோரும் இயக்கத்திற்குத் துணைநின்றனர். இவர்களை ‘மரக்கவிகள்’ என எள்ளியோரும் உண்டு. ஆனால் சுகதகுமாரியின் ‘மரத்தினு ஸ்துதி’ இயக்கக் கூட்டங்களின் தொடக்கப் பாடலாயிற்று. நஞ்சைத் தான் உண்டு உயிர்மூச்சை உலகிற்கு அளிக்கும் நீலகண்டனாக மரத்தைக் காண்பது அக்கவிதை. கரியமிலவாயுவை உட்கொண்டு உயிர்வளியை வெளியிடும் அறிவியற் செய்தி, மக்களுக்குப் பழகிய பக்தி வடிவில் அங்குப் பொருந்தியது.

இங்கு நோக்கத்தக்கது வேலைப்பங்கீடு. திட்டம் தேவையா என்னும் கேள்விக்கு அறிக்கை விடை சொன்னது. காடு யாருக்கு உரியது என்னும் கேள்வியைக் கவிதை எழுப்பியது. கணக்கின்றிக் கவிதை மட்டும் நின்றிருந்தால் ‘மரக்கவிகள்’ என்னும் எள்ளலே எஞ்சியிருக்கும். கவிதையின்றிக் கணக்கு மட்டும் நின்றிருந்தால் வழக்கு வல்லுநர் அவைக்குள் முடங்கியிருக்கும்.

1980 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் எதிர்ப்பு மனுக்களைத் தள்ளுபடி செய்த பின்னரும் இயக்கம் தளராமல் நின்றதற்கு இவ்விணைப்பே காரணமாகலாம். எம். ஜி. கே. மேனன் தலைமையிலான குழு 1983இல் அறிக்கை அளித்தது. அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1985 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது.

திணை நோக்கில் ஒரு வினா

இவ்வெற்றிக்கு ஓர் எல்லையும் உண்டு. பள்ளத்தாக்கின் உட்பகுதி மனிதக் குடியிருப்பற்றது. எனவே அதைத் தீண்டப்படாத காடாகப் பாடுவது எளிதாயிற்று. அதனை ஒட்டிய அட்டப்பாடியிலோ இருளரும் முடுகரும் குறும்பரும் வாழ்கின்றனர். இருபதாம் நூற்றாண்டில் அங்குக் காடும் அழிந்தது, பழங்குடியினர் நிலமும் கைமாறியது. ஒரே மலைச்சாரலில் ஒரு காடு துதிபெற, மறுகாடு தன் மக்களுடன் நலிந்தது.

தொல்காப்பியம் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒருசேர எண்ணுகிறது. அப்பட்டியலில் மரமும் மனிதர் தொழிலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. குறிஞ்சி என்பது மலை மட்டுமன்று, தினைப்புனம் காக்கும் குறவரும் சேர்ந்ததே. மரத்தைத் தனியே எடுத்து வணங்கும் துதிவடிவம் இவ்வுறவை முன்னிலைப்படுத்துவதில்லை. பின்னாளில் சுகதகுமாரி அட்டப்பாடியின் மொட்டைக் குன்றுகளில் ‘கிருஷ்ணவனம்’ என்னும் காடு வளர்க்கும் பணியில் ஈடுபட்டது, துதியிலிருந்து நிலத்தை நோக்கிய நகர்வாகக் கருதத்தக்கது.

முடிவுரை

எம். எஸ். சுவாமிநாதன் இப்பள்ளத்தாக்குடன் அட்டப்பாடியையும், தமிழ்நாட்டின் குந்தாவையும் இணைத்து ஒரே காப்பகமாக்கப் பரிந்துரைத்திருந்தார். காட்டிற்கு மாநில எல்லை இல்லை என்பதை அப்பரிந்துரை உணர்த்தியது. வளரும் நாட்டில் இயற்கைக் கவிதை ஆடம்பரமன்று என்பதை அமைதிப் பள்ளத்தாக்கு மெய்ப்பித்தது. எனினும், காக்கப்படும் காட்டின் விளிம்பில் வாழ்வோரையும் பாடுபொருளாக்கும்போதே அக்கவிதை முழுமை பெறும். அதற்குரிய இலக்கணம் தமிழில் முன்னரே உண்டு. அதை இன்றைய காடுகளின்மேல் வைத்துப் படிப்பது தமிழாய்வின் கடன்.