திரும்பி வரும் காற்று

கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் பெருவழி மதுக்கரையைக் கடந்தே வாளையாற்றை அடைகிறது. 1862-இல் சென்னையையும் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதையும் இவ்வழியே மலைக் கணவாயினுள் நுழைகிறது. இரண்டுக்கும் இடையே வளர்ந்தவன் நான். எஞ்சின்களின் ஒலியைக் கேட்டே பொழுதறிந்த காலம் அது. அவ்வொலிகளுள் ஒன்றின் வரலாற்றைத்தான் மாணவ நேயர்களாகிய உங்களிடம் இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்நாளில் சரக்கு வண்டிகளை இழுத்தவை டபிள்யூ.டி.எம்.-2 என்னும் டீசல் எஞ்சின்கள். 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து முதலில் வந்தன. 1964 முதல் வாரணாசியிலேயே உருவாயின. பதினாறு சிலிண்டர்களும் 2,600 குதிரைத்திறனும் கொண்டவை. பாரத்தோடு முழங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினின் விசையை ஓட்டுநர் சட்டெனக் குறைத்தால், சில வேளைகளில் அதன் மேற்புறத்திலிருந்து 'புஃப், புஃப்' என்று விட்டுவிட்டு ஓர் ஒலி எழும். வண்டி பெருமூச்சு விடுகிறது என்போம் நாங்கள். ரயில்வேயில் பணியாற்றிய என் பெரியப்பா மட்டும் அதை ஒப்பவில்லை. "காத்துக்குப் போக எடமில்லீன்னா திரும்பித்தான் வரோணும், கண்ணு" என்றார். பிற்காலத்தில் பொறியியல் கல்லூரியொன்றில் நான் பாடம் சொல்லப் புகுந்தபோது, நூல்கள் பல பக்கங்களில் விளக்கியதும் அவ்வொரு வாக்கியத்தைத்தான்.

டர்போசார்ஜர் என்பது ஓர் அச்சின் இரு முனைகளிலும் இரு சக்கரங்களைக் கொண்ட கருவி. எஞ்சின் கழிக்கும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. மற்றது வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்த்தூர் நகரத்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கருத்து கைகூட இருபது ஆண்டுகள் ஆயின. 1920-களின் பிற்பகுதியில் இரு ஜெர்மானியக் கப்பல்களில் இம்முறை வெற்றி கண்டது. 1,750 குதிரைத்திறன் தரவேண்டிய எஞ்சின் 2,500 தந்தது!

அக்காலத்தில் திரும்பி வரும் காற்று பெருந்தொல்லையாக இல்லாததற்குக் காரணம் உண்டு. கடலில் செல்லும் கப்பல் நாட்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுவது. சாலையில் ஓடும் காரோ நிமிடத்துக்கு நான்கு முறை வேகம் குறைவது.

சாலைக்கு வந்த பின்னும் தொல்லை உடனே தலைகாட்டவில்லை. 1962-இல் டர்போசார்ஜருடன் வெளிவந்த செவர்லே கார்வேர் காரில் கார்புரேட்டர் அழுத்திச் சக்கரத்துக்கு முன்னால் இருந்தது. ஓட்டுநர் காலை எடுத்தால் சக்கரத்துக்குள் வரும் காற்றே குறைந்துவிடும். அதற்கப்பால் அடைபட்டுத் தவிக்கும் காற்று இல்லை. பின்னர் எரிபொருளைப் பீச்சும் முறை வந்தது. 1973-இன் பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ, அடுத்த ஆண்டு வந்த போர்ஷே 911 டர்போ ஆகியவற்றில் காற்றை மறிக்கும் தட்டு சக்கரத்துக்குப் பின்னால் சென்றது. திறன் பெருகிற்று, தொல்லையும் உடன் பிறந்தது.

எங்ஙனம் என்பீர்கள். கொங்கு நாட்டு மாணவர்களுக்கு இதை விளக்குதல் எளிது. கிணற்று மேட்டில் ஓடும் பம்பின் உள்ளே இருக்கும் சக்கரமும் இந்த அழுத்திச் சக்கரமும் உடன்பிறந்தவை. மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறிய நீர் கீழே விழுந்து ஃபுட் வால்வை 'டொக்' என்று அடைப்பதைக் கேட்டிருப்பீர்கள். காரில் காலை எடுத்ததும் தட்டு மூடிக்கொள்கிறது. சக்கரமோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கிறது. அது நொடியில் நிற்காது. குழாயில் அடைபட்ட காற்றின் அழுத்தம் சக்கரத்தின் ஆற்றலை மிஞ்சும்போது, காற்று சக்கரத்தின் இதழ்களுக்கிடையே பின்னோக்கிப் பாய்கிறது. அழுத்தம் தணிந்ததும் மீண்டும் முன்னோக்கிச் செல்கிறது. மீண்டும் முட்டித் திரும்புகிறது. இங்கே ஃபுட் வால்வு இல்லையல்லவா? ஒரு நொடிக்குள் பலமுறை நிகழும் இந்த இழுபறியே படபடவென்ற ஒலி. ஒவ்வொரு முறையும் அச்சின் மீதான உந்துதல் ஏறி இறங்குவதால் அதைத் தாங்கும் பேரிங் தேய்கிறது. ஒலி காதுக்குத் தொல்லை. அதன் காரணம் கருவிக்கே கேடு.

(சாலையில் லாரி நிற்கும்போது எழும் 'புஸ்' என்ற ஓசையை இதுவென்று பலர் எண்ணுகின்றனர். அது காற்று பிரேக்கிலிருந்து வெளியேறும் காற்று. நம் கதைக்கு அதனோடு உறவில்லை.)

இந்த இழுபறியைக் கணக்கிற்குள் கொண்டுவந்தவர்கள் விமான எஞ்சின் ஆராய்ச்சியாளர்களே. வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் உள்ளிருக்கும் காற்று முன்னும் பின்னும் அசைந்து ஒலிக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த நிகழ்ச்சி அது. அழுத்தியும் அதன் குழாயும் அத்தகைய புட்டியே என்று 1955-இல் எம்மன்ஸும் அவர் துணைவரும் காட்டினர். 1976-இல் எட்வர்டு கிரைட்சர், சக்கரத்தின் வேகமும் அதற்கப்பால் காற்று தேங்கும் இடத்தின் பருமனும் மிக மிக இவ்வலைவு கடுமையாகும் என்பதை ஒரே எண்ணில் அடக்கிக் காட்டினார். காரில் அந்தத் தேக்கம் எது? அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதன் நீண்ட குழாய்களுமே.

மருந்து எளிது: காற்றுக்குப் போக இடம் கொடுப்பது. தட்டு மூடியதும் எஞ்சினருகே உண்டாகும் வெற்றிடம் ஒரு சவ்வை இழுக்க, சிறு வால்வு ஒன்று திறந்து, அடைபட்ட காற்றைச் சக்கரத்தின் முன்புறத்துக்கே திருப்பிவிடும். ஆயினும் வெற்றிடம் ரப்பர் குழாய் வழியே சென்று சேரும் கணநேரத்தில் ஓரிரு அலைவுகள் நிகழ்ந்துவிடுவதுண்டு. ஆகவே பிற்காலத்தில் மின்சாரத்தால் இயங்கும் வால்வை அழுத்தியின் கூட்டிலேயே பொருத்தினர். தாமதம் குறைந்தது, வால்வின் வழியே பாயும் காற்றோ 'உஸ்' என்று புதிதாய் இரையலாயிற்று. அதற்காக வழியை அகலப்படுத்தினர். காற்று வரும் குழாயில் ஒலியை விழுங்கும் அறைகளை அமைத்தனர்.

வேறொரு வழியும் உண்டு. இங்கிலாந்தின் ஹோல்செட் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிஷர் 1988-இல் விவரித்த முறை அது. சக்கரத்தைச் சூழ்ந்த சுவரிலேயே ஒரு பிளவு வெட்டி, திணறும் காற்றின் ஒரு பகுதியை முன்புறத்துக்கு ஒழுகவிடுவது. லாரி எஞ்சின்களுக்கு இது பெரிதும் பயன்பட்டது. ஆனால் அப்பிளவு வழியே சக்கரத்தின் சீழ்க்கையும் வெளியே கசிகிறது. ஓரிடத்தில் அடக்கிய ஒலி மற்றோரிடத்தில் எழுவது இத்துறையின் பழைய வழக்கம் போலும்!

இவ்வளவு பாடுபட்டு அடக்கிய ஒலியை விலை கொடுத்து வாங்குவோரும் உளர். மதுக்கரைக்கு அண்மையிலுள்ள செட்டிபாளையத்தில் கரி மோட்டார் பந்தயத்தளம் இருப்பதால், எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு எஞ்சின் மீது காதல் மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரின் மகன் தன் பெட்ரோல் காருடன் வந்தான். திருப்பிவிடும் வால்வைக் கழற்றிவிட்டு, காற்றை வெளியே சீறவிடும் வால்வை ஒரு பட்டறையில் பொருத்தியிருந்தான். "ஏனுங்க ஐயா, காலை எடுத்தாக் கரும்புகை வருதுங்க" என்றான்.

காரணம் தெளிவு. உள்ளே வந்த காற்றையெல்லாம் எஞ்சினின் கணிப்பொறி முன்னரே அளந்துவிட்டது. அதற்கேற்ப எரிபொருளையும் பீச்சுகிறது. அளந்த காற்று வெளியே போய்விட்டால் எரிபொருள் மிஞ்சாமல் என்ன செய்யும்? தாளில் படம் வரைந்து காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுவாரம் பழைய வால்வையே மாட்டிக்கொண்டு வந்தான். புகை நின்றிருந்தது. வாளையாறு வரை ஓட்டிப் பார்த்தோம்.

"சத்தம் போயிருச்சுங்களே" என்பது மட்டும் அவனுக்குக் குறையாக இருந்தது.