மன்னரின் மனநோயும் ஒரு பாடகரின் இரவுகளும்

இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்னும் பட்டியல்களை நாம் நிறையவே படித்துவிட்டோம். இசை மனநோயைக் குணப்படுத்தியது என்பதற்கு மேலைநாட்டார் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஸ்பெயினின் மன்னர் ஐந்தாம் பிலிப் பல்லாண்டுகளாக மனச்சோர்வில் வீழ்ந்திருந்தார். 1724இல் முடி துறந்தார். பட்டமேற்ற மகன் அவ்வாண்டே பெரியம்மையில் இறந்துவிட, மீண்டும் அரியணை ஏற நேர்ந்தது. பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பார். உடை மாற்ற மறுப்பார். நகம் வெட்டவும் விடமாட்டார். 1737இல் அரசி எலிசபெத் ஃபர்னேசே, லண்டன் மேடைகளில் புகழ்பெற்றிருந்த இத்தாலியப் பாடகர் ஃபரினெல்லியை வரவழைத்தார். அப்போது அவருக்கு வயது 32. குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே விதைநீக்கம் செய்யப்பட்டவர் அவர். அக்கால இத்தாலிய இசையுலகில் நிலவிய கொடிய வழக்கம் அது.

பாட்டைக் கேட்ட மன்னர் எழுந்தார், முகம் மழித்துக்கொண்டு அரசுப்பணிக்குத் திரும்பினார் என்கிறது கதை. இரவுதோறும் அதே நான்கு பாடல்களைப் பத்தாண்டுகள் அவர் பாடியதாக, 1770இல் பொலோன்யாவில் முதிய ஃபரினெல்லியைச் சந்தித்த ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி எழுதினார். ஆனால் மன்னர் இறந்தது 1746இல், பத்தாண்டுகள் ஆகவில்லை. ஃபரினெல்லியோ 1738ஆம் ஆண்டுக் கடிதத்தில் இரவுக்கு எட்டொன்பது பாடல்கள் என்கிறார். அதே ஆண்டு ஆங்கிலத் தூதர் பெஞ்சமின் கீன் அனுப்பிய செய்தி மேலும் உறுத்துவது. பாட்டு முடிந்தபின் மன்னர் தாமும் பாடகரைப்போலப் பாட முயன்று ஊளையிடுவாராம்; அது பிறர் கண்ணில் படாதிருக்க அரண்மனையார் பெரும்பாடு பட்டார்களாம்.

ஆக, நோய் தீரவில்லை. எனினும் இசை வீணாயிற்று என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பகலும் இரவும் குழம்பிப்போன ஒருவர்முன், இரவு தவறாமல் ஒரு மனிதர் வந்து பாடினார். அந்த ஒழுங்கும் அருகாமையும் பாட்டைப் போலவே பயன் தந்திருக்கக்கூடும். இன்றைய இசைச்சிகிச்சையும் தனி ராகத்தை மட்டும் நம்புவதில்லை. சிகிச்சையளிப்பவருக்கும் நோயாளிக்கும் இடையில் வளரும் உறவையும் நம்புகிறது. வழக்கமான மருத்துவத்தோடு அது சேரும்போது மனச்சோர்வு குறுகிய காலத்திலேனும் கூடுதலாகத் தணிகிறது என்று 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறிற்று. மருந்துக்கு மாற்றாக அன்று, துணையாக.

1737க்குப் பின் ஃபரினெல்லி பொதுமேடையில் பாடவேயில்லை. பிலிப்பின் மகன் ஆறாம் ஃபெர்டினாண்டும் மனச்சோர்வுக்கு ஆளானவர், அவருக்காகவும் பாடினார். 1758இல் மனைவியை இழந்த ஃபெர்டினாண்டின் மனம் முற்றிலும் சிதைந்தது. மறு ஆண்டே இறந்தார். அடுத்து வந்த மன்னர் பாடகரை நாட்டைவிட்டு அனுப்பினார். இரு மன்னர்களின் துயரத்துக்கருகே இருபதாண்டுகளுக்கு மேல் இருந்தவரின் மனத்தையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் பட்டியல்களில் ராகத்தின் பெயர் இருக்கிறது. பாடுகிறவருக்கு அங்கே இடமில்லை.