பொம்மனஹள்ளியின் சிறு தனியார் பள்ளிகள்

பெங்களூருவின் தென்கிழக்கே ஓசூர் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளியில், அரசு மானியமும் விடுதியும் இல்லாமல், பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் வகையில் நடக்கும் சிறிய ஆங்கில வழிப் பள்ளிகளைப் பற்றியது இக்கட்டுரை. எல்.கே.ஜி.யில் தொடங்கும் இவற்றில் சில ஏழாம் வகுப்போடு நின்றுவிடும், சில எஸ்.எஸ்.எல்.சி. வரை போகும். பெரும்பாலானவை மாநிலப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுபவை. இவை பெருகியதற்கு ஆங்கில மோகமே காரணம் என்பது கர்நாடகக் கல்வி விவாதங்களில் பழகிப்போன வாதம். மோகம் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் இப்பகுதி வளர்ந்த விதத்தையும் மொழிச் சட்டங்களின் போக்கையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு விளக்கம் பொருத்தமாகப் படுகிறது: அடுத்த வேலை எந்த ஊரில் என்று தெரியாத குடும்பங்கள், எங்கே போனாலும் பிள்ளையின் படிப்பு அறுந்துவிடக் கூடாது என்று தேடிக்கொண்ட ஏற்பாடு இது.

நகரத்துக்கு வெளியே கிராமமாக இருந்த இடம் பொம்மனஹள்ளி. 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இதற்குத் தெற்கே எலெக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கியது. இருந்தாலும் பொம்மனஹள்ளியின் உட்தெருக்களை நிரப்பியது கணினி வேலையைவிடத் தையல் வேலைதான். ஏற்றுமதி ஆடை ஆலைகளுக்கு, பேச்சுவழக்கில் கார்மென்ட்ஸுக்கு, கர்நாடகக் கிராமங்களிலிருந்தும் தமிழக, ஆந்திர எல்லை மாவட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள்; பின்னர் ஒடிசாவிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். நகரசபையாக இருந்த பொம்மனஹள்ளி 2007-இல் பெங்களூரு மாநகராட்சியோடு இணைந்தது. இக்குடும்பங்களின் வரவுசெலவு நாட்டின் கண்ணில் பட்டது 2016-இல். வேலையை விட்டாலும் முதலாளி செலுத்திய பி.எஃப். பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு அறிவிக்க, ஏப்ரல் 18 அன்று ஆயிரக்கணக்கான கார்மென்ட்ஸ் பெண்கள் பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையை மறித்தார்கள். மறுநாளே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஓய்வுக்காலப் பணத்துக்கு இத்தனை ஆவேசமா என்று வியந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஓர் ஆலையை விட்டு அடுத்ததற்கு மாறும் இடைவெளியில் மொத்தமாகக் கைக்கு வரும் அந்தத் தொகைதான் கடனுக்கும், கல்யாணத்துக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும் வழி.

சட்டத்தின் கதை தனி. கன்னடத்துக்கு முதலிடம் கோரிய 1982-இன் கோகாக் கிளர்ச்சிக்குப் பின் கன்னடத்தின் இடம் அரசியலின் மையத்துக்கு வந்தது. ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை தாய்மொழியிலோ கன்னடத்திலோதான் பாடம் நடத்த வேண்டும் என்று 1994 ஏப்ரல் 29 அன்று அரசாணை வெளியானது. அதன்பின் திறக்கப்பட்ட பள்ளிகள் பலவும் கன்னட வழிக்கு அங்கீகாரம் வாங்கி ஆங்கில வழியில் நடத்தின. 2006-இல் இந்தக் காரணத்துக்காக மாநிலம் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் மீது அங்கீகார ரத்து நடவடிக்கை பாய்ந்தது. 2008-இல் உயர் நீதிமன்றம் அரசாணையைத் தனியார் பள்ளிகளுக்குச் செல்லாது என்றது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்து, குழந்தையின் தாய்மொழி எது என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கே என்றது. அரசாணையின் நோக்கத்தில் குறை காண முடியாது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதே நல்லது என்பதில் கல்வியாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது பக்கத்திலேயே தாய்மொழிப் பள்ளி உள்ள, ஊர் மாறாத குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெங்களூருவில் தமிழ்வழிப் பள்ளிகள் பெரும்பாலும் பழைய கண்டோன்மென்ட் பக்கத்தைச் சேர்ந்தவை. பொம்மனஹள்ளியின் தமிழ், தெலுங்கு வீடுகளுக்குக் கன்னட வழியும் அயல்மொழி வழிதான். அதோடு, மூன்றாம் வகுப்பில் ஓசூருக்கே திரும்ப நேர்ந்தால் கன்னட வழியில் படித்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கு வகுப்பறைக்குள்ளும் தெரியும். பள்ளிக் கட்டடம் முப்பதுக்கு நாற்பது சைட்டில், அதாவது 1,200 சதுர அடியில், வீடாகக் கட்டப்பட்டுப் பின்னர் பள்ளியானதாக இருப்பதுண்டு. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டால் அதுவே பிரார்த்தனைக்கும் ஆண்டுவிழா ஒத்திகைக்கும் இடம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. இத்தகைய இடத்தில் அதற்கு வெளியே ஒரு திடலை நாடுவதைத் தவிர வழியில்லை. பத்தாம் வகுப்புப் பாடங்களில் மூன்று மொழிகள்: முதல் மொழி ஆங்கிலத்துக்கு 125 மதிப்பெண், கன்னடத்துக்கு 100, பெரும்பாலும் இந்தியாக அமையும் மூன்றாம் மொழிக்கு 100. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் தலா 100. ஆக 625-இல் 325 மொழிகளுக்கே. வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசும் பிள்ளைக்கு இந்த மூன்றுமே வெளிமொழி. ஆங்கிலப் பாடத்தை ஆசிரியை கன்னடத்தில் விளக்குவார். இடைவேளையில் கன்னடமும் தமிழும் கலந்து ஓடும். நவம்பர் 1 ராஜ்யோத்சவத்தில் சிவப்பு-மஞ்சள் கொடியின் கீழ் கன்னடப் பாட்டுப் பாடும் வரிசையில் வேற்றுமொழி வீட்டுப் பிள்ளைகளும் நிற்பார்கள், உச்சரிப்பில் வேறுபாடு தெரியாதபடி.

இங்கே கிடைக்கும் ஆங்கிலம் பெயருக்குத்தானே என்பது வலுவான மறுப்பு. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமங்களில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஓரளவு ஆதரிக்கிறது. குலுக்கலில் உதவித்தொகை பெற்றுத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள், நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் தெலுங்கிலும் கணிதத்திலும் மற்றவர்களை மிஞ்சவில்லை. இந்தியில் மட்டும் முந்தினார்கள். அந்த முடிவை அப்படியே நகரத்துக்குப் பொருத்தக் கூடாது. ஆனாலும் கட்டணம் கட்டினால் கல்வி தானாக உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அது சான்று தரவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பாதியும் முக்கியம்: ஒரு மாணவருக்குத் தனியார் பள்ளியில் ஆகும் செலவு, அரசுப் பள்ளியில் ஆவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆசிரியர் சம்பளம் குறைவாக இருப்பதே இதற்குப் பெரிய காரணம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இலவசமாகவும் மதிய உணவோடும் அரசுப் பள்ளி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு அரசே ஒரு வகையில் பதில் சொல்லிவிட்டது. 2019-20-இல் எழுத்தாளர்களின் எதிர்ப்பையும் மீறி ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. பயிற்றுமொழியைப் பற்றிய பெற்றோரின் கணக்கை அரசு ஒப்புக்கொண்டது என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். அதே 2019-இல், அருகில் அரசுப் பள்ளியோ மானியப் பள்ளியோ இருந்தால் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இலவச இடம் இல்லை என்று விதி திருத்தப்பட்டது. அதன்பின் கார்மென்ட்ஸ் வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவதைத் தவிர வேறு வாசல் அநேகமாக இல்லை.

இந்த ஏற்பாட்டில் உண்மையான இழப்பு தாய்மொழிக்குத்தான். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாக எடுக்கக் கர்நாடக விதிகள் இடம் தருகின்றன. 2015-இன் கன்னட மொழி கற்றல் சட்டம் கன்னடத்தை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கியதே தவிர, தமிழைத் தடுக்கவில்லை. தடை சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளுக்காகத் தனியாகத் தமிழாசிரியர் வைக்கச் சிறு பள்ளியின் கட்டண வருமானம் போதாது. இந்தி ஆசிரியர் ஒருவர் எல்லா வகுப்புக்கும் போதும். அதனால் தமிழ் எழுத்து வீட்டில் கற்றால் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே விடுமுறையாக உள்ள தாய்க்கு அதற்கு நேரம் வாய்ப்பது அரிது.