மதுரையைவிடப் பக்கத்தில் யாழ்ப்பாணம்

சென்னைக்கு எது பக்கம், மதுரையா யாழ்ப்பாணமா என்று கேட்டால் நம்மில் பலரும் மதுரை என்றுதான் சொல்வோம். வரைபடத்தில் அளந்து பாருங்கள். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி 355 கிலோமீட்டர்தான். ஒரே தீர்க்கரேகையை ஒட்டி நேர் தெற்கே போனால் வந்துவிடும்.

தூரம் மாறவில்லை. பயண நேரம்தான் படாத பாடு பட்டது.

1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் வந்தது. எழும்பூரில் ஏறி தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், மதவாச்சியில் மாறி வடக்கே யாழ்ப்பாணம். தெற்கே போய், கடலைத் தாண்டி, திரும்ப வடக்கே ஏறுகிற சுற்றுவழி. ஆனாலும் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரைகூடப் போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனபின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

ஆகாயத்தில் வழி திறந்தது 1947 டிசம்பர் 10-ஆம் தேதி. ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸுக்குத்தான் பறந்தது. காங்கேசன்துறை என்று சொன்னாலும் இறங்கியது பலாலியில், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட தளம். அந்த டகோட்டா விமானம் மணிக்கு 300 கிலோமீட்டருக்குள்தான் போகும். அப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் அந்தச் சேவை நின்றது. பிறகு 1983. கலவரத்துக்குப் பின் நம் பெசன்ட் நகர், அடையாறு பக்கமெல்லாம் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் வாடகைக்கு வந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவிலும் ஒரு மாமி இருந்தார். 1993-இல் அவருடைய அம்மா ஊரில் இறந்துபோனார். சேதி கடிதமாக வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏன் போகவில்லை என்று யாரோ கேட்டதற்கு, "கிட்டத்தான் இருக்கு தம்பி, போகத்தான் ஏலாது" என்றார்.

உண்மைதான். அப்போது யாழ்ப்பாணம் போக வேண்டுமானால் முதலில் 650 கிலோமீட்டர் பறந்து கொழும்பு போக வேண்டும். 1990-லேயே யாழ்ப்பாண ரயில் நின்றுவிட்டது. வவுனியா வரை பஸ், அதற்கப்பால் சோதனைச் சாவடிகள், கடைசியில் கிளாலிக் கடனீரேரியை இருட்டில் படகில் கடப்பது. அந்தப் படகுகளில் சுடப்பட்டுச் செத்தவர்களும் உண்டு. நாள் கணக்கு என்று ஒன்றைச் சொல்லவே முடியாது.

2019 அக்டோபர் 17-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. நவம்பர் 11-இல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து ஏடிஆர் விமானத்தைத் தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது, 2022 டிசம்பர் 12-இல் மீண்டும் தொடங்கினார்கள். இப்போது இண்டிகோவும் போகிறது.

பறக்கும் நேரம் ஒன்றேகால் மணி அளவு. டகோட்டா காலத்திலிருந்து முக்கால் நூற்றாண்டில் நாம் மிச்சம்பிடித்தது அவ்வளவுதான்! அதையும் இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கம் வரச்சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். ஓடுபாதை சிறியது, அதனால் பெரிய ஜெட் இல்லை, பெட்டியின் எடையைப் பார்த்துக் கட்டுங்கள்.

போகிறவர்கள் வலப்பக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானமும் விமானப் பாதையும் ஒத்துழைத்தால் கோடியக்கரை முனை தெரியும். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கடல், உடனே இறங்கத் தொடங்கிவிடும்.