கோடையில் கிரனாடா: விழாக்களும் வரலாற்றுச் சின்னங்களும்

ஸ்பெயினின் அந்தலூசியா பகுதியில், சியரா நெவாடா மலையடிவாரத்தில் அமைந்துள்ள நகரம் கிரனாடா. அந்தலூசியாவின் கடைசி முஸ்லிம் அரசு இங்குதான் இருந்தது. 1492 ஜனவரி 2 அன்று சுல்தான் அபூ அப்தில்லாஹ் இந்நகரை பெர்டினான்ட், இசபெல்லா ஆகியோரிடம் ஒப்படைத்தார்.

கோடை விழாக்கள்

கார்ப்பஸ் கிறிஸ்டி எனும் கிறிஸ்தவப் பெருநாளையொட்டி நகரில் பெரும் சந்தையும் ஊர்வலங்களும் நடைபெறும். இது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். 1952 முதல் நடந்துவரும் சர்வதேச இசை, நாட்டிய விழா ஜூன், ஜூலையில் இடம்பெறுகிறது. ஐந்தாம் சார்லஸ் அரண்மனையின் வட்ட முற்றமும், ஜன்னத்துல் அரீஃப் தோட்ட அரங்கும் இதன் முக்கிய மேடைகள்.

அல்ஹம்ரா

1238-இல் முதலாம் முஹம்மத் தொடங்கிய நஸ்ரிய ஆட்சியின் கோட்டை நகரம் இது. சிங்க முற்றத்தில் 12 கற்சிங்கங்கள் நீர்த்தொட்டியைத் தாங்கி நிற்கின்றன. சுற்றிலும் 124 தூண்கள். சுவரெங்கும் 'வலா காலிப இல்லல்லாஹ்' (அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் எவருமில்லை) என்ற வாசகத்தைக் காணலாம்.

அருகிலுள்ள ஜன்னத்துல் அரீஃப் சுல்தான்களின் கோடை இல்லம். தாரோ ஆற்றின் மேற்பகுதியிலிருந்து கால்வாய் வெட்டி, மலைமேல் நீரைக் கொண்டுவந்தனர். கடும் வெயிலிலும் அங்கு நிற்கும்போது, நீரையும் நிழலையும் கொண்டு வெப்பத்தை வென்ற அவர்களின் அறிவு புரியும்.

நகருக்குள்

பலரும் அல்ஹம்ராவுடன் திரும்பிவிடுகின்றனர். ஆனால் வரலாற்றின் மறுபக்கம் கீழே உள்ளது. தாரோ ஆற்றங்கரையில் 11-ஆம் நூற்றாண்டு குளியல் இல்லம் இருக்கிறது. அதன் கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியே ஒளி இறங்கும். 1349-இல் முதலாம் யூசுஃப் நிறுவிய மத்ரஸாவில் மிஹ்ராப் இன்றும் உள்ளது.

கார்ப்பஸ் விழாவின்போது களைகட்டும் பிப்ரம்ப்ளா சதுக்கத்தின் பெயர் 'பாபுர் ரம்லா' என்ற அரபுச் சொல்லின் திரிபு. 1499-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கர்தினால் சிஸ்னெரோஸின் உத்தரவால் அரபு நூல்கள் எரிக்கப்பட்டது இங்குதான் என்பர். மார்க்கச் சுதந்திரம் அளிப்பதாக எழுதிக்கொடுத்த உடன்படிக்கை பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான முஸ்லிம்களின் சந்ததியினரும் 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றப்பட்டனர்.

அல்பைசின் குன்றில் 2003-இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அக்குன்றில் மீண்டும் பாங்கொலி கேட்கிறது. அதன் தோட்டத்திலிருந்து எதிரே அல்ஹம்ராவைக் காணலாம்.

பயணிகள் கவனத்திற்கு

• ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் 35 டிகிரியை எளிதில் எட்டும். காலையிலோ மாலையிலோ சுற்றிப் பாருங்கள். மதியத்தில் பல கடைகள் மூடியிருக்கும்.
• நஸ்ரிய அரண்மனைகளுக்கு நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்தில் மட்டுமே அனுமதி. முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் அவசியம்.
• ஜூன் இறுதியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணியைத் தாண்டிவிடும். மஃக்ரிப், இஷா நேரங்களைக் கருத்தில் கொண்டு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

அல்ஹம்ராவின் அழகை ரசிப்பவர்கள், அதைக் கட்டிய சமூகம் என்னவாயிற்று என்பதையும் அறிந்து திரும்பினால்தான் அந்தப் பயணம் முழுமை பெறும்.